லைன் கிடைத்தது: ஓர் ஆங்கில வினையும் லிட்டில் அந்தமானும்

ஆங்கில பாஷையை வயது வந்தபின் கற்கப் புகுகிறவரைத் திணறவைப்பவை அதன் நீண்ட பதங்கள் அல்ல. லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் வந்த அந்த நெடும்பதங்களை அகராதியின் துணைகொண்டு ஒருவாறு வசப்படுத்திவிடலாம். குழந்தைகூட அறிந்த ஒரு சின்னஞ்சிறு வினையோடு அதனினும் சிறியதோர் இடைச்சொல் ஒட்டிக்கொண்டு, இரண்டில் எதற்கும் சொந்தமில்லாத மூன்றாவது அர்த்தம் ஒன்றைப் பிறப்பிக்கும்போதுதான் பண்டிதரும் தடுமாறுகிறார். 1755இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அந்நியருக்கு மிகப்பெரும் சிரமம் தருவது இவ்வகைச் சேர்க்கையே என்று முன்னுரையிலேயே சொல்லி, இவற்றைத் தனிக் கவனத்தோடு தொகுத்ததாகக் குறித்தார். ஆயினும் இவ்வினைகளுக்கு இன்று வழங்கும் 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர், 1925இல் லோகன் பியர்சல் ஸ்மித் எழுதிய நூலின் வாயிலாகத்தான் பரவிற்று; அப்பெயரைத் தமக்குச் சொல்லித் தந்தவர் ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று ஸ்மித்தே தெரிவித்திருக்கிறார்.

நமக்கு இந்த வித்தை புதிதன்று. 'சொல்' என்ற ஒரே வினை, 'சொல்லிக்கொடு' என்றால் கற்பித்தலாகிறது. 'சொல்லிக்காட்டு' என்றால் செய்த உபகாரத்தை நினைவூட்டிப் பிறரை நோகவைத்தலாகிறது. 'சொல்லிக்கொண்டு போ' என்றால் விடைபெறுதலாகிறது. தமிழ் கற்க வந்த அயல்நாட்டார் ஒருவர் 'சொல்லிக்காட்டினார்' என்பதை 'விளக்கிக் காட்டினார்' என்று பொருள்கொண்டால், பிழை அவருடையதென்று நாம் சிரிப்பதில் நியாயமில்லை. இவ்வாறு பேச்சையும் செய்திப் போக்குவரத்தையும் பற்றிய ஆங்கிலச் சேர்க்கைகளுள் 'கெட் த்ரூ' என்ற ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் அர்த்தமும் பிரயோகமும் லிட்டில் அந்தமான் தீவின் துறைமுகச் சிற்றூரான ஹட் பேயில் எவ்வாறு பரீட்சிக்கப்பட்டன என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

'த்ரூ' என்பது ஒரு புறம் புகுந்து மறுபுறம் வெளிப்படுதலைக் காட்டும் சொல். ஆகவே பரீட்சையில் தேறுவதும், ஒரு பெரிய புத்தகத்தைப் படித்து முடிப்பதும், சம்பளப் பணத்தை மாதம் முடியுமுன் தீர்த்துவிடுவதும், துக்க காலத்தைத் தாண்டி வருவதும் எல்லாம் இந்த ஒரே சேர்க்கையால் சொல்லப்படுகின்றன. செய்தியைப் பற்றிய பிரயோகங்கள் மூன்று. தொலைபேசியில் மறுமுனையை அடைவது ஒன்று. தூதுவனோ கடிதமோ தகவலோ தடைகளைக் கடந்து உரியவரிடம் சேர்வது மற்றொன்று. மூன்றாவது, 'டு' என்ற இன்னொரு துண்டையும் சேர்த்துக்கொண்டு வருவது: பிடிவாதக்காரனுக்கோ துயரத்தில் ஆழ்ந்திருப்பவனுக்கோ நாம் சொல்வது உள்ளே உறைக்கும்படி செய்வது. இந்தத் துண்டை விட்டுவிட்டால் அர்த்தம் தொலைபேசிக்குத் திரும்பிவிடும். பழைய நாளில் லண்டன் டெலிபோன் ஆபரேட்டர் 'யூ ஆர் த்ரூ' என்று சொன்னால், இணைப்புக் கிடைத்துவிட்டது, பேசலாம் என்று பொருள். அதையே கேட்ட அமெரிக்கர், தம் நாட்டு வழக்குப்படி, பேச்சு முடிந்துவிட்டதாகச் சொல்கிறாளே என்று திகைப்பார். ஒரே பாஷைக்குள்ளேயே இந்த வேடிக்கை.

இம்மூன்று பிரயோகங்களுக்கும் அடியில் ஒரே சித்திரம் கிடக்கிறது. நடுவே ஒரு தடை, இப்பக்கம் பேசுகிறவர், அப்பக்கம் கேட்கிறவர். நகர்கிறவரும் முயல்கிறவரும் வெல்கிறவரும் பேசுகிறவரே. கேட்கிறவர், முற்றுகையிட்ட கோட்டைக்குள் இருப்பவரைப்போல், வந்து சேரும்வரை சும்மா இருக்கிறார்.

தமிழில் இதற்கு நேர்ப்பதம் தேடி 'ஊடுருவிச் சென்றேன்' என்று எழுதினால் படிப்பவர் எல்லைச் சண்டையைப் பற்றிய செய்தி என்று நினைப்பார். நாம் வேறு வகையில் சொல்கிறோம். ஹட் பே கடைத்தெருவில் தமிழர் இருவர் பேசிக்கொள்வதைக் கேட்டால், "அண்ணே, ஊருக்கு லைன் கிடைச்சுதா?" என்பது கேள்வியாகவும், "எங்க தம்பி, காலையிலேருந்து போகவே மாட்டேங்குது" என்பது பதிலாகவும் இருக்கும். கிடைப்பது லைன், போகாததும் லைன், பேச முயன்றவர் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறார். மனத்துக்குள் புகும் பிரயோகத்திலும் இதே நிலைதான்: காதுக்கு எட்டிற்று, மனத்தில் பட்டது, நெஞ்சில் தைத்தது, மண்டையில் ஏறவில்லை, அவனுக்கு உறைக்கவில்லை. எழுவாயாக நிற்பது சொல்லப்பட்ட விஷயம். அது போய்ச் சேரும் இடம் கேட்பவரின் செவியோ நெஞ்சோ. சொன்னவரின் பெயரைக் குறிப்பிட வேண்டிய அவசியமே பல சமயங்களில் ஏற்படுவதில்லை.

இது தமிழுக்கு மட்டும் உரிய சிறப்பென்று மார்தட்டிக்கொள்ள இடமில்லை. அதே கடைத்தெருவில் ஹிந்தி பேசுகிறவரும் 'லைன் நஹீ லக் ரஹா' என்று லைனைத்தான் எழுவாயாக்குகிறார். புரிந்தது என்பதற்கு 'முஜே' என்று தம்மை நான்காம் வேற்றுமையில் வைத்துக்கொள்கிறார். வங்காளியோ 'லைன் பாச்சி நா' என்று தன்னையே எழுவாயாக்கினாலும், அவர் சொல்வது லைனைப் பெறவில்லை என்பதே; எதையும் துளைத்துச் செல்வதாகச் சொல்லவில்லை. 1956இல் மர்ரே எமனோ இந்தியா முழுவதும் ஒரே மொழிப்பிரதேசம் என்ற கொள்கையை வகுத்தார். அதன்பின் 1976இல் காலின் மசிகா இந்த நான்காம் வேற்றுமை வழக்கை அப்பிரதேசத்தின் லக்ஷணங்களுள் ஒன்றாகப் பரிசீலித்தார். குடும்பத்தால் வேறுபட்ட பாஷைகள் நெடுநாள் அண்டை வீட்டாராக இருந்து ஒன்றன் பழக்கத்தை மற்றொன்று ஏற்றுக்கொண்டதன் பலன் இது.

வியாகரணத்திலிருந்து குணத்தை ஊகிப்பது அபாயகரமான காரியம். கேட்பவருக்கு இத்தனை மரியாதை தரும் பாஷையைப் பேசுவதாலேயே நாம் நல்ல கேள்வியாளர்கள் என்று, நம் பொதுக்கூட்ட மேடைகளை ஒருமுறை பார்த்தவர் எவரும் துணிந்து கூறமாட்டார். ஆனால் நம் முன்னோர் கேட்பதை ஒரு செயலாகவே மதித்தார்கள் என்பதற்கு வேறு சாட்சியங்கள் உண்டு. திருக்குறளில் கேள்வி 42ஆம் அதிகாரம். சொல்வன்மை அதற்கு வெகுதூரம் பின்னே 65ஆம் அதிகாரமாக வருகிறது. நன்னூலின் பொதுப்பாயிரம் பாடம் சொல்லுதலின் முறையை மட்டும் வகுத்து நின்றுவிடாமல், பாடம் கேட்டலின் முறையையும் தனியே வகுக்கிறது. உ.வே. சாமிநாதையர் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 'பாடம் கேட்டார்' என்றுதான் இன்றும் சொல்கிறோம். கற்றவனின் முயற்சி கேட்டல் என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இனித் தீவுக்கு வருவோம். லிட்டில் அந்தமான் ஏறத்தாழ 700 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டுள்ள போர்ட் பிளேயருக்குத் தெற்கே, சுமார் 120 கிலோமீட்டர் கடல் தாண்டி, பத்துப் பாகைக் கால்வாயின் வடகரைபோல் கிடக்கிறது. அதன் கிழக்குக் கரையில் ஹட் பே. ஜெட்டியிலிருந்து இத்தனையாவது கிலோமீட்டர் என்றே ஊர்களை அடையாளம் சொல்லும் விசித்திரமான வழக்கு அங்கு உண்டு. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளின் குடியிருப்புகள், ஹர்மிந்தர் பேயில் நிக்கோபாரிகள், வியாபாரத்துக்கும் உத்தியோகத்துக்கும் வந்த தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும். எல்லோருக்கும் பொதுவாக இலக்கணக் கட்டுகளைத் தளர்த்திக்கொண்ட ஓர் அந்தமான் ஹிந்தி. தீவுக்கூட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2011 கணக்கெடுப்பின்படி வங்காளம் பேசுகிறவர் சுமார் 28 சதவீதம், தமிழ் பேசுகிறவர் சுமார் 15 சதவீதம். ஆனால் இவர்கள் அனைவரும் நேற்று வந்தவர்கள். தீவின் பூர்வகுடிகள் ஓங்கேயர். 1901இல் 672 பேர் என்று மதிப்பிடப்பட்டவர்கள், 2011இல் 101 பேர்.

இந்த ஓங்கேயரிடம் வெளியுலகம் 'கெட் த்ரூ' செய்ய முயன்ற சரித்திரமே நம் வினைக்கு உரைகல். 1867 மார்ச்சில் அஸாம் வாலி என்ற கப்பலின் தலைவரும் மாலுமிகள் சிலரும் இத்தீவின் தென்கரையில் இறங்கியவர்கள் திரும்பவில்லை. தேடிச் சென்ற படையினர் மே 7ஆம் தேதி கரையில் அம்பு மழைக்கும் பின்னே கொந்தளிக்கும் அலைக்கும் நடுவே சிக்கிக்கொள்ள, 24ஆவது ரெஜிமெண்டைச் சேர்ந்த டாக்டர் டக்ளஸும் சிப்பாய்கள் நால்வரும் ஒரு படகில் அலைகளைப் பிளந்துகொண்டு போய் 17 பேரை மீட்டு வந்தார்கள். அந்த ஐவருக்கும் விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. பகைவர் முன்னிலையிலன்றிக் கடலோடு போராடியதற்காக அவ்விருது தரப்பட்ட அபூர்வமான சந்தர்ப்பம் அது. தடையைத் துளைத்துச் செல்லுதல் என்ற ஆங்கிலச் சித்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது: அலையைத் துளைத்தார்கள், சுட்டுக்கொண்டே கரையைத் துளைத்தார்கள். ஒரு வார்த்தை பரிமாறப்படவில்லை. அன்று துப்பாக்கிக்கு இரையான ஓங்கேயரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

அதற்குப்பின் 1880களில் மாரிஸ் விடால் போர்ட்மன் என்ற அதிகாரி வேறு முறையைக் கையாண்டார்: கரையில் பரிசுகளை வைத்துவிட்டு விலகுவது, சிலரைப் பிடித்துக் கொண்டுபோய் உபசரித்துத் திரும்பவும் கொண்டுவந்து விடுவது. பிடித்துக்கொண்டு போவதை நட்புக்கான வழியென்று கருதிய அந்தக் காலத்து மனப்பான்மையை நான் மெச்சவில்லை. எனினும் அம்புகள் நின்றன என்பது உண்மை. பாஷையோ பிடிபடவில்லை. வடக்கேயுள்ள பேரந்தமானியரின் மொழிகளுக்கும் ஓங்கே மொழிக்கும் உறவு காணப்படவில்லை. அதற்கு உறவென்று நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஜாரவா ஒன்றுதான். 1906 முதல் 1908 வரை அந்தமானில் ஆராய்ச்சி செய்த ராட்கிளிஃப்-பிரௌன், பிற்காலத்தில் மானிடவியலின் பிதாமகர்களுள் ஒருவராகக் கொண்டாடப்பட்டவர், லிட்டில் அந்தமானில் தங்கி ஓங்கே மொழியைக் கற்க முயன்று, அதற்கு நெடுங்காலம் பிடிக்கும் என்று கண்டு அம்முயற்சியைக் கைவிட்டு, ஹிந்துஸ்தானி தெரிந்தவர்கள் இருந்த வடக்குத் தீவுகளுக்கே திரும்பிவிட்டார். 1922இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூல் முக்கியமாகப் பேரந்தமானியரைப் பற்றியதாக அமைந்ததற்கு இதுவே காரணம். அந்தமானியரைப் பற்றிய ஐரோப்பிய அறிவில் இவ்வகைச் சறுக்கல்கள் பழையவை; 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோல்புரூக் என்பவர் அவர்களின் பெயரென்று 'மின்கோப்பி' என ஒன்றை எழுதிவைக்க, எந்தக் குழுவும் தன்னை அப்படி அழைத்துக்கொள்ளாதபோதும், ஏறக்குறைய நூறாண்டு அப்பெயர் புத்தகங்களில் உலாவிற்று. கேட்டவர் ஏதோ கேட்டார், சொன்னவர் ஏதோ சொன்னார், பேனா மட்டும் தயங்காமல் ஓடிற்று.

1980களில் ஓங்கேயருடன் வாழ்ந்து ஆராய்ந்த விஷ்வஜித் பாண்டியாவின் எழுத்துகளைப் படிக்கும்போது, தடை பாஷை மட்டுமன்று என்பது விளங்குகிறது. அவர்களுக்கு வாசனை உலகத்தின் ஒழுங்கையே நிர்ணயிக்கும் தத்துவம். நலம் விசாரிக்கும்போது மூக்கைப் பற்றிக் கேட்கிறார்கள். தன்னைச் சுட்ட மூக்கின் நுனியைத் தொடுகிறார்கள். ஒருவர் இருக்கிறார் என்ற தகவல் அவர் வாய் திறக்குமுன்பே காற்றில் போய்ச் சேர்ந்துவிடும் ஒரு சமூகத்தில், போர்ட்மன் காலத்து அதிகாரி கரையில் பரிசோடு நின்று கைகாட்டியபோது அவரைப் பற்றி அவர்களுக்கு எட்டியது என்னவாக இருந்திருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது. பிற்காலத்தில் வடக்குச் செண்டினல் தீவுக்குச் சென்ற அரசாங்கக் குழுக்களோடு ஓங்கேயர் சிலரும் அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களாலும் அத்தீவினரின் பேச்சை விளங்கிக்கொள்ள இயலவில்லை. வெளியார் பார்வையில் ஒன்றாகத் தோன்றுகிறவர்கள் தமக்குள் ஒன்றல்லர் என்பதை அதிகாரிகள் அப்போதாவது கண்டுகொண்டிருக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி நம் வினையின் எல்லா அர்த்தங்களும் ஒரே நாளில் சோதனைக்கு உள்ளாயின. காலை 6.29க்குப் பூமி அதிர்ந்தது. கடல் ஹட் பேயின் கடைத்தெருவுக்குள் புகுந்து ஜெட்டியை அடுத்த கட்டடங்களைச் சிதைத்தது. தீவுகளுக்கிடையே தொலைபேசி ஓய்ந்தது. நாட்டின் தலைநகரில், ஏறத்தாழ 9 மணிக்கு, பூகம்பச் செய்தியைத் தாங்கிய ஒரு பேக்ஸ், மே மாதமே பதவியிலிருந்து இறங்கிவிட்ட முன்னாள் அமைச்சர் ஒருவரின் இல்லத்துக்கு அனுப்பப்பட்டது. இயந்திரத்தின் கணக்கில் அந்தச் செய்தி 'கெட் த்ரூ' ஆகிவிட்டது. கம்பியிலும் பழுதில்லை, காகிதத்திலும் பழுதில்லை. நம் வழக்கில்தான் அது யாருக்கும் எட்டவில்லை.

அதே வேளையில் போர்ட் பிளேயரில் ஒரு தற்செயல் நடந்துகொண்டிருந்தது. பாரதி பிரசாத் என்ற அம்மையாரின் தலைமையில் ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த ஹாம் குழுவொன்று அம்மாதத் தொடக்கத்தில் அங்கே முகாமிட்டிருந்தது. 1987இல் அவரே நடத்தியதற்குப் பிறகு அந்தமானிலிருந்து ஹாம் ஒலிபரப்பு நிகழாததால், உலகமெங்குமுள்ள ஹாம்கள் அவர்களோடு ஒரு நொடியேனும் பேசிவிட வேண்டுமென்று மொய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களின் குழூஉக்குறியில், இப்படி மொய்க்கும் குரல்களுக்கு 'பைல்-அப்' என்று பெயர். அந்த நெரிசலைக் கடந்து தன் அழைப்புக்குறி மறுமுனையில் பதிவாவதே 'கெட் த்ரூ'. ஒரு விளையாட்டின் வெற்றிச் சொல்லாக அதுவரை இருந்த அது, அன்று காலைக்குப்பின் வேறொரு காரியத்துக்கு உரியதாயிற்று: குழு பொழுதுபோக்கை நிறுத்திவிட்டு, உயிரோடிருப்பவர்களின் தகவலைப் போர்ட் பிளேயரிலிருந்தும் கார் நிக்கோபாரிலிருந்தும் உறவினர்களுக்குச் சேர்ப்பித்தது. ஹாம்களின் நடைமுறையில் ஒரு நல்ல அம்சம் உண்டு. அனுப்பியவர் அனுப்பிவிட்டதாகச் சொன்னால் போதாது. கேட்டவர் திருப்பிச் சொன்னால்தான் தொடர்பு நிகழ்ந்ததாகக் கணக்கு.

ஓங்கேயர் எங்கிருந்தார்கள்? நிலம் அதிர்ந்ததையும் கடல் உள்வாங்கியதையும் கண்டவுடன் டுகோங் கிரீக்கிலும் சவுத் பேயிலுமிருந்த குடியிருப்புகளை விட்டு மேட்டு நிலத்துக்குப் போய்விட்டார்கள், அனைவரும் பிழைத்தார்கள். யாரும் அவர்களுக்குச் செய்தி அனுப்பவில்லை. பத்திரிகைகள் இதைப் புராதன ஞானம் என்றும் ஆறாவது அறிவு என்றும் வர்ணித்தன. நான் இதில் அதிசயத்தைவிட அனுபவத்தையே காண்கிறேன். கடலைக் கேட்கப் பழகியவர்கள் கடல் சொன்னதைக் கேட்டார்கள்.

அதற்குப்பின் அரசாங்கம் செய்தவை சிறியவை அல்ல. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் அமைந்தது. 2012 ஏப்ரல் 11ஆம் தேதி சுமத்ராவுக்கு அப்பால் பெரும் பூகம்பங்கள் ஏற்பட்டபோது எச்சரிக்கை உரிய நேரத்தில் தீவுகளுக்கு வந்தது. 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கும் அங்கிருந்து லிட்டில் அந்தமான் உள்ளிட்ட தீவுகளுக்குமாக ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடியிழைக் கம்பி, 1,224 கோடி ரூபாய்ச் செலவில், உபயோகத்துக்கு வந்தது. செயற்கைக்கோளின் குறுகிய அலைவழியை நம்பியிருந்த ஹட் பே, சென்னையோடு கடலடியில் பிணைக்கப்பட்டுவிட்டது. 'லைன் கிடைக்கலை' என்ற வாக்கியம் அங்கும் அருகிவரும் என்று நம்பலாம்.

ஆயினும் 'டு' சேர்ந்த அந்த மூன்றாவது பிரயோகம் கம்பியால் தீர்வதன்று. ஓங்கேயரோடு தொடர்பு ஏற்பட்டது என்று அறிக்கைகள் எழுதும்போது எழுவாய் எப்போதும் நிர்வாகமாகவே இருக்கிறது. நடந்ததைப் பார்த்தால், வெளியிலிருந்து வந்தவர்களில் ஓங்கே மொழியைக் கற்றவர்கள் மிகச் சிலர். ஓங்கேயரோ ஹிந்தியைக் கற்றுக்கொண்டார்கள், அவர்களின் குழந்தைகள் பள்ளிக்கூடத்திலும் அதையே கற்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டுகளாகத் தடையைக் கடந்த பெரும் உழைப்பு எந்தப் பக்கத்தினுடையது என்பதில் எனக்கு ஐயமில்லை.

1982இல் இந்திய மானிடவியல் ஆய்வகம் தாஸ்குப்தாவும் சர்மாவும் இயற்றிய ஓங்கே மொழிக் கைந்நூலை வெளியிட்டது. 2006இல் அன்விதா அப்பி அந்தமான் மொழிகளைப் பற்றிய தம் நூலில் ஓங்கேயையும் ஆராய்ந்தார். சாதனம் இருக்கிறது. டுகோங் கிரீக்குக்கு மாற்றலாகிச் செல்லும் ஆசிரியரும் மருந்தாளரும் கம்பியில்லாத் தந்திக்காரரும், பொறுப்பேற்குமுன் சில மாதங்கள் அங்கேயே அமர்ந்து ஓங்கேயர் ஒருவரிடம் முறையாகப் பாடம் கேட்க வேண்டுமென்று விதி செய்வதும், பாடம் சொல்லும் அந்த ஓங்கேயருக்கு ஆசிரியருக்குரிய சம்பளத்தை அளிப்பதும், கடலடிக் கம்பிக்கு ஆன செலவில் ஓர் அற்பமான பின்னத்துக்குள் அடங்கிவிடும்.